கடகட வண்டியும் கீறல் முட்டையும்

ஆவடியை அடுத்த கோவில்பதாகை கிராமத்து முட்டை வியாபாரி கஜபதிக்கு, ஏலம் எடுப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யாரென்று விசாரித்துக்கொண்டே போனால் கடைசியில் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் நெடுஞ்சாலை ஓரத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றை இழுத்து மூடியபோது, ராட்டினம் முதல் பொம்மைக் குதிரை வரை எல்லாம் ஏலத்துக்கு வந்தன. காயலான் கடைக்காரர்கள் இரும்பை மனசுக்குள் எடை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கஜபதி கையைத் தூக்கி வாங்கியது நாலு சக்கர பைக் ஒன்றை. மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடியும் சீட்டும், பானை மாதிரி உப்பின நாலு டயர், பின்னால் சாமான் வைக்க இரும்பு கேரியர். மழை பெய்தால் ஏரிக்கரை மண்பாதையில் சைக்கிள் இறங்காது, ஆட்டோக்காரன் காதில் விழாத மாதிரி போய்விடுவான். இது போகும் என்று கணக்குப் போட்டார். போகவும் போயிற்று. என்ன, அது வருவது பட்டாபிராம் வரைக்கும் கேட்டது.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முட்டை பொறுக்கவில்லை. காலையில் முழுசாக அட்டையில் ஏறுகிற முட்டை, அவர் தினமும் முட்டை போடுகிற ஆஸ்டல் வாசலில் இறங்கும்போது கீறல் விட்டிருந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த ஆஸ்டல் வார்டன் குணசேகரன் ஒரு சனிக்கிழமை வாயைத் திறந்தார்.

"கஜபதி, நான் முட்டை கேட்டா நீ ஆம்லேட்டா கொண்டாந்து குடுக்கற. திங்கக்கிழமை ஒரு அட்டைக்கு ரெண்டுக்கு மேல கீறல் இருந்துச்சுன்னா, அன்னியோட சரி. பூந்தமல்லியிலேர்ந்து டெம்போவுல வரேன்னு ஒருத்தன் என் பின்னாலயே சுத்திகினு கீறான்."

ஆஸ்டல் கையை விட்டுப் போனால் வளர்க்கிற கோழியில் பாதியை விற்க வேண்டியதுதான். மனைவி பஞ்சவர்ணத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, வழக்கம்போல லோகநாயகி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

லோகநாயகிக்குத் திருச்சிப் பக்கம். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை. குவார்ட்டர்ஸை விட்டுப் பட்டாபிராமில் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். வீட்டில் தண்டால் எடுக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். ஆளுக்கு நாலு முட்டை இல்லாமல் பொழுது விடியாது. கஜபதி கொண்டுவரும் கீறல் முட்டை அத்தனையையும் பாதி விலைக்கு வாங்கிக்கொள்வது அவர்தான். அதனால் ஏரிக்கரைப் பக்கம் கடகடவென்று கேட்டதும் எவர்சில்வர் தூக்கோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

அன்றைக்குக் கஜபதி முகம் தொங்கியிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். கஜபதி சொன்னார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? வந்து பாக்கறேன்" என்றார் லோகநாயகி.

"இன்னாத்த, யக்கா?"

"வண்டியை. ஒரு நட்டுலயும் கை வைக்காதீங்க. ஒரு சாக்பீஸ் மட்டும் வாங்கி வைங்க."

ராத்திரி கஜபதிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கீறல் முட்டையால் லாபம் பார்க்கிற ஒரே ஆத்மா இந்த அம்மாள்தான். தன் லாபத்தைத் தானே வந்து கெடுத்துக்கொள்கிற ஆளை அவர் வியாபாரத்தில் இதுவரை கண்டதில்லை.

"கூலி பெருசா கேப்பாங்களோ?" என்றார் மனைவியிடம்.

"வர்றவங்க மொதல்ல வரட்டும். நீ கம்முனு படு" என்றாள் பஞ்சவர்ணம்.

மறுநாள் காலையில் லோகநாயகி வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்ற வண்டியை ஒரு சுற்று சுற்றினார். நட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யார் இப்படி முறுக்கினது?" என்றார்.

"நான்தான். சத்தம் வர வர முறுக்கிகினே இருந்தேன்" என்றார் கஜபதி பெருமையாக.

"நாலு நட்டுல மரையே போயிருச்சு. சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியாம முறுக்கினா, அது எடம் மாறி வரும், அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. லோகநாயகி நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை வண்டியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். கேரியரில் வைத்தார், மட்கார்டில் வைத்தார், சைலன்சர் பக்கம் போனார். அங்கே துணியைச் சுற்றிக்கொண்டு மேல் தகட்டைக் கையால் அழுத்தியதும் பாதி கடகடப்பு அப்படியே அடங்கியது. கையை எடுத்தார், திரும்ப வந்தது. சாக்பீஸால் அங்கே ஒரு வட்டம் போட்டார்.

"ஒண்ணு."

செயின் மூடியில் இன்னொரு வட்டம் விழுந்தது. இரண்டையும் சரிசெய்ய ஒரு கிளிப்பும் ரெண்டு ஸ்க்ரூவும் போதுமாயிருந்தன. சத்தம் போன வண்டியைப் பார்த்துக் கஜபதி கும்பிடவே கையைத் தூக்கிவிட்டார்.

"இருங்க. காதுக்குத்தான் மருந்து போட்டிருக்கோம். முட்டைக்கு இன்னும் போடலை" என்ற லோகநாயகி, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கேட்டு வாங்கிக் கேரியரில் வைத்தார். தண்ணீர் மேலே சின்னச் சின்ன வளையமாய் நடுங்கி, விளிம்பு தாண்டி வழிந்தது.

குனிந்து அடியில் பார்த்தார். "இன்ஜினைத் தாங்குற எடத்துல ரப்பர் புஷ் இருக்கணுமே. எங்க?"

"தேஞ்சி போச்சுன்னு லேத்துப் பட்டறைல இரும்புலயே கடஞ்சி போட்டுட்டேன். ரப்பர் வெலைக்கே இரும்பு குடுன்னு ஒரு மணி நேரம் பேசி வாங்கினேன், யக்கா. ஆயுசுக்கும் தேயாது."

"தேயாதுதான். இன்ஜின் ஆடுற ஆட்டம் அத்தனையும் ரப்பர் வாங்கிக்கணும். இரும்பு வாங்காது, நேரா முட்டைக்கு அனுப்பிரும்."

பஞ்சவர்ணம் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

லோகநாயகி அடுத்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல்தான் வலித்தது. "இது என்ன, கருங்கல்லு?"

"லாரிக்கு அடிக்கிற காத்து. எவ்ளோ அடிச்சாலும் ஒரு டயருக்கு ஒரே ரேட்டுன்னான். வுடுவனா?"

"குடுத்த காசுக்கு மேலயே காத்து வாங்கியிருக்கீங்க. இவ்வளவு அகலமா டயர் வச்சிருக்கிறதே பள்ளத்துல அது அமுங்கணும்னுதான். அது அமுங்கலைன்னா முட்டை அமுங்கும்."

காற்றை இறக்கினார்கள். 'புஸ்'ஸென்று அது வெளியேறுவதைக் கஜபதி, பையில் ஓட்டை விழுந்த ஆள்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரப்பருக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. லோகநாயகி சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை கீழே இறங்கி, கஜபதியின் காலில் வந்து நின்றது. லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. ஒரு விரல் கனம்.

"யக்கா, இது வாங்கி ஒரு மாசம்கூட ஆவல."

"இன்னாய்யா பேரம் பேசற? கழட்டுய்யா!" என்றாள் பஞ்சவர்ணம்.

அரிவாள்மனையில் செருப்பு எட்டுத் துண்டாயிற்று. பழுக்கக் காய்ச்சின கம்பியால் ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, இரும்பு புஷ்ஷை எடுத்துவிட்டு இதைச் சொருகினார் லோகநாயகி. மரை போன நட்டுகளுக்குப் பதில் கஜபதியின் டப்பாவிலிருந்து வேறு பொறுக்கி, அளவாக முறுக்கினார். திரும்ப வண்டியைக் கிளப்பியபோது டம்ளர் தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

வெறுங்காலோடு நின்ற கஜபதி, கடைசியில் கேட்டே விட்டார். "கூலி இன்னா குடுக்கணும்னு சொல்லிடுங்க, யக்கா. மனசு அடிச்சிகினே கீது."

"கூலியெல்லாம் ஒண்ணும் வேணாம். தெனம் காலையில அந்தச் சத்தம் வரும்போது எனக்குப் பல்லு கூசும். நாள் பூரா குறை கண்டுபிடிக்கற வேலை பாக்கறவளுக்கு அதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியல."

"அப்போ முட்டையாச்சும்..."

"ஓசி முட்டை என் வீட்டுக்குள்ள வராது" என்று கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்டல் வாசலில் குணசேகரன் பத்து அட்டையையும் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தார். முதல் அட்டை, சுத்தம். இரண்டாவதும் சுத்தம். ஏழாவதில் ஒரே ஒரு முட்டையில் மயிரிழைக் கீறல்.

"சத்தமே இல்லாம வந்து நிக்கறியேன்னு பாத்தேன். வேற வண்டியா?"

"அதே வண்டிதான் சார். செருப்புதான் போச்சு."

வார்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை; ஆனாலும், "நாளைக்கும் பத்து அட்டை போடு" என்றார். பூந்தமல்லி டெம்போவைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே எழவில்லை.

அங்கிருந்து கஜபதி நேரே பட்டாபிராம் போனார். வண்டிச் சத்தம் கேட்காததால் லோகநாயகி வாசலில் இல்லை. முதன்முறையாக வாசலில் நின்று கூப்பிட வேண்டியிருந்தது. தூக்கில்லாமல் வெளியே வந்தார்.

"ஆஸ்டல் கைய வுட்டுப் போவல, யக்கா. முந்நூறுக்கு ஒண்ணுதான் கீறல்" என்றார். கேரியரிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, இன்னிக்குக் கீறல். எட்டு முட்டை. எப்பவும்போல பாதி வெலை."

"முந்நூறுக்கு ஒண்ணுன்னீங்க?"

"இது... வேற வழியில வந்தது."

லோகநாயகி ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அடுத்ததையும் திருப்பினார். எட்டிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், புள்ளி வைத்தாற்போல் ஒரு தட்டு.

"கரண்டிக் காம்பா?"

கஜபதி தரையைப் பார்த்தார். "பஞ்சவர்ணம்தான் தட்டினா. நான் பக்கத்துல நின்னு புடிச்சிகினேன்."

லோகநாயகி சிரித்த சிரிப்பில் உள்ளே தண்டால் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்தவர் உள்ளே போய்த் தூக்கை எடுத்துவந்தார். முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். பாதி விலையைக் கஜபதி கையில் வைத்தார்.

"நாளைக்குத் தட்டும்போது பஞ்சவர்ணத்தை வேற வேற எடத்துல தட்டச் சொல்லுங்க. இப்படிக் கொண்டுவந்தா எங்க இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆகாது."

"சொல்றேன், யக்கா" என்று கஜபதி வண்டியைக் கிளப்பினார். அடுத்த தெருவில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. பிரேக்கின்மேல் வைத்திருந்த வெறுங்காலுக்கு இரும்பு ஜில்லென்று இருந்தது.