பிரேக்கை மிதிக்க ஒரு ஆள்

சண்டை ஒரு சிரிப்பில்தான் ஆரம்பித்தது. காரின் பின் விளக்கு விரிசல் விட்டு, உள்ளே மழைத் தண்ணீர் தேங்கி, அதில் இரண்டு எறும்பு செத்து மிதந்தன. நான் இணையத்தில் பார்த்துப் புது ஜோடி விளக்கு வரவழைத்தேன். "மெக்கானிக்கிட்ட விட்டுடலாம்," என்றார் என் வீட்டுக்காரர். "எதுக்கு? நானே மாட்டுறேன்," என்றேன். "நீயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகத்தான் இரண்டு நாளாக அவரோடு நான் பேசவில்லை.

நான் ஒன்றும் சும்மா ஆள் இல்லை. துணி ஆலையில் நூற்று நாற்பது தையல் மெஷினுக்கு நான்தான் வைத்தியம். சத்தத்தைக் கேட்டே எந்த ஸ்குரூ தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். தலைவலி மாத்திரையோடு வரும் காகிதத்தைக்கூடக் கடைசி எழுத்து வரை படிக்கிற ஜாதி. நான் பெட்டியைப் பிரித்ததும் காகிதத்தைத் தூக்கித் தூரப் போடுகிற ஜாதி. எப்படித்தான் பதினோரு வருஷம் குப்பை கொட்டினோமோ!

வேலை ஒன்றும் பெரிதில்லை. நேற்று சாயங்காலம் டிக்கியின் உள் விரிப்பை விலக்கி, ஒரு பக்கத்துக்கு இரண்டு நட்டு கழற்றி, பழைய விளக்கை அசைத்து இழுத்தேன். புது விளக்கை வைத்து, பிளக்கைச் செருகினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து பார்த்தால் இரண்டு சிவப்புக் கோடு, அவ்வளவு அழகு. ஷெட் சுவரெல்லாம் சிவந்து கிடந்தது. இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தேன், சரி. ரிவர்ஸ், சரி. பிரேக் விளக்குதான் மிச்சம்.

அதற்கு மட்டும் ஆள் வேண்டும். ஒருத்தர் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருத்தர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். 'எரியுதா?' 'எரியுது.' அவ்வளவுதான். மறுநாள் மகளுக்கு வெளியூரில் நீச்சல் போட்டி. அவர் ஷெட்டுக்குப் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்து அவள் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவர் தலை தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார். நான் கொடுப்பேனா? சிரித்த வாயிடம் போய் உதவி கேட்பேனா? தரை துடைக்கும் கட்டையை எடுத்து சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். சுவர் சிவப்பாக இருந்தது. "யாரு தயவும் வேணாம் எனக்கு," என்று சொல்லிக்கொண்டு டிக்கியைச் சாத்தினேன்.

இன்று காலை ஐந்தரைக்கு அவரும் மகளும் கிளம்பினார்கள். தெரு முழுக்கப் பனி. எதிர் வீட்டு கேட்கூடத் தெரியவில்லை. அவர் விளக்குகளைப் போட்டுவிட்டு இறங்கி, காரைச் சுற்றி வந்து, புது விளக்கை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. பத்திரமா போயிட்டு வாங்க என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மகள்தான் பின் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள்.

பிறகு ஷெட்டைக் கூட்டப் போனேன். விளக்கு வந்த பெட்டியைக் குப்பையில் போடக் கவிழ்த்தபோது, அடியில் இருந்த தெர்மோகோலுக்குக் கீழேயிருந்து சின்னப் பை ஒன்று விழுந்தது. உள்ளே இரண்டு சிவப்பு வயர், விரல் நீளம், இரு முனையிலும் கிளிப். என்னடா இது என்று அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இந்த வயரைத் தனியாக இணைத்தால்தான் பிரேக் விளக்கு எரியும் என்று போட்டிருந்தது.

இல்லையே, எரிந்ததே, நான் பார்த்தேனே என்று நினைத்த அதே நொடியில் ஞாபகம் வந்தது. கட்டையை முட்டுக் கொடுத்தபோது ஹெட்லைட் சுவிட்சை நான் அணைக்கவே இல்லை. சுவரில் நான் பார்த்த சிவப்பு, அதற்கு முன்னாலிருந்தே எரிந்துகொண்டிருந்த சிவப்பு. பின் கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு போய் ஒரு வருஷம் ஆகிறது.

இதில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பிரேக்குக்கென்றே பிறந்தவர். சாலையில் காகிதம் பறந்தால் பிரேக். தூரத்தில் நாய் யோசித்தால் பிரேக். "மாமா காலை எடுத்து ஆக்சிலேட்டர்ல வைக்க நல்ல நாள் பாக்கணும்," என்று என் தம்பி கிண்டல் செய்வான், நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்போது அந்த மனுஷன் பனியில், லாரிகளுக்கு நடுவில், என் பிள்ளையைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, நூறு தடவை பிரேக் போடுவார். ஒரு தடவைகூடப் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் போனை டாஷ்போர்டு பெட்டியில் போட்டுப் பூட்டுகிறவர் அவர். நல்ல பழக்கம் என்று ஊரே பாராட்டும். நாசமாய்ப் போன நல்ல பழக்கம்!

தம்பி அடுத்த தெரு. பேக்கரி வேனில் கடைகளுக்கு ரொட்டி போடுகிறவன், அந்நேரத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டிருப்பான். வயரையும் காகிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். சொன்னதும், "ஏறுக்கா," என்றான்.

நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டி பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. தம்பி நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுவிட்டு ஓட்டினான். ஓரத்தில் எங்கேயாவது கூட்டம் நிற்கிறதா, கண்ணாடித் தூள் கிடக்கிறதா என்றுதான் என் கண் தேடியது. கடவுளே, ஒண்ணும் ஆகக் கூடாது, இனிமே வாயே திறக்க மாட்டேன், எது வந்தாலும் படிச்சுப் பார்க்கிறேன் என்று என்னென்னமோ வேண்டிக்கொண்டேன்.

"அழாதக்கா. மாமா ஓட்டுற வேகத்துக்கு சைக்கிள்ல போனாக்கூட பிடிச்சிடலாம்."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா!"

முப்பது நிமிஷம் கழித்து ஒரு லாரி தெரிந்தது. சாலை வளைந்தபோது, லாரிக்கு முன்னால் இரண்டு சிவப்புக் கோடு. என் கையால் மாட்டியது, எனக்குத் தெரியாதா? உயிரோடு போகிறார்கள் என்று ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சு வரவில்லை. லாரியின் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்து, டயர் கிறீச்சிட்டு, லாரி அப்படியே ஒரு பக்கம் இழுத்தது. நீளமாக ஹாரன் அடித்தான். இவர் எதற்கோ பிரேக் போட்டிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதேதான் நடந்தது.

"முந்துடா! லாரிக்கும் காருக்கும் நடுவுல போ!"

"ஒண்ணும் தெரியலக்கா, எதிர்ல வந்தா?"

"போடா!"

கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாங்கள் நடுவில் இருந்தோம். இனி லாரிக்காரன் எங்கள் பிரேக் விளக்கைப் பார்ப்பான். காருக்கும் எங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு, தம்பி ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டான், ஹாரனும் அடித்தான். நிறுத்தச் சொல்கிறோம் என்று அவருக்குப் புரியும் என்று நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான். பனிக்குள்ளிருந்து எவனோ விளக்கை மினுக்கிக்கொண்டு துரத்துகிறான் என்று அவர் மிரண்டுவிட்டார். மிரண்டால் அவர் என்ன செய்வார்? பிறந்ததிலிருந்து செய்வதைத்தான் செய்தார்.

அந்தச் சிவப்புக் கோடுகள் கொஞ்சமும் மாறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவ்வளவுதான் தெரிந்தது. கார் நிற்கிறது என்பது மண்டைக்குள் ஏறுவதற்குள் பின் கண்ணாடி முகத்துக்கு நேரே வந்துவிட்டது, கண்ணாடிக்குள் என் மகள் முகம், வாயைப் பிளந்துகொண்டு. நான் கத்திய கத்தல் எனக்கே கேட்கவில்லை. தம்பி பிரேக்கில் எழுந்தே நின்றுவிட்டான். பின்னால் ரொட்டித் தட்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுந்தன. வேன் நின்றது. எங்கள் பின்னால் லாரியும் நின்றது. எங்கள் பம்பருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

காரை ஓரங்கட்டி, கதவைத் திறந்துகொண்டு அவர் இறங்கினார். எங்கள் ஹெட்லைட் கண்ணில் அடித்ததால் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? உள்ள குழந்தை இருக்குய்யா! பிரேக் போட்டது தெரியல? புது லைட்டுய்யா! என் பொண்டாட்டி அவ கையால மாட்டினது! அரை மைலுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?"

நான் இறங்கினேன். வெறுங்காலில் தார் ஜில்லென்றது. என்னைப் பார்த்ததும் அவர் வாய் பாதியில் நின்றுவிட்டது. தம்பி லாரிக்காரனிடம் ஏதோ சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு வேனைக் காருக்குப் பின்னால் ஓரமாக விட்டான், லாரியும் அதற்குப் பின்னால் ஒதுங்கி நின்றது.

"நீ எங்க இங்க?" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான். "கொஞ்சம் உக்காந்து பிரேக்கை மிதிங்க."

அவர் போய் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன்.

"எரியுதா?"

இரண்டு கோடும் இருந்தபடியே இருந்தன.

"எரியுதா?"

"இல்லங்க," என்றேன். "நேத்தே எரியல. தனியா ஒரு வயர் மாட்டணுமாம், நான் காகிதத்தைப் படிக்கல. உங்களைக் கூப்பிடாம நானே பார்த்துக்கிட்டேன்."

அவர் இறங்கி வந்து விளக்கைப் பார்த்தார். பின் சீட்டில் இருந்த மகளைப் பார்த்தார். அதன் பிறகு அந்த லாரியின் உயரத்தை அண்ணாந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வயர் எங்க?" என்றுதான் கேட்டார். கையை விரித்தேன். அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் கிளிப் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

மகளைத் தம்பி சாலைத் தடுப்புக்கு அந்தப்புறம் கூட்டிப் போனான். டிக்கியைத் திறந்து குனிந்தேன். நூற்று நாற்பது மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிற கை, ஒரு கிளிப்பை எந்தத் துளையில் மாட்டுவது என்று தெரியாமல் தடவியது. அவர் போன் வெளிச்சத்தில் நான் தூக்கிப் போட்ட அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, கடையில் மருந்து சொல்கிற அதே குரலில் நிதானமாகப் படித்தார். "மேல இருந்து மூணாவது துளை. அவசரமில்ல. மூணாவது." இரண்டு பக்கமும் மாட்டி முடித்தேன்.

அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் எழுந்து பின்னால் நகர்ந்தேன். வெளிச்சம் திடீரென்று முகத்தில் அடித்தது.

"எரியுதா?"

இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஏய், எரியுதாம்மா?"

"எரியுது," என்றேன். "கொஞ்ச நேரம் காலை எடுக்காதீங்க."