பாதி வேகம்

என் மனைவியும் அவளோடு மூழ்கும் அந்த நெட்டைப்பயலும் கடலுக்கடியில் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வேலை இதுதான். எங்கிருந்தோ கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்த பாசி, பவளப்பாறைகள் மேல் பாய் விரித்துவிட்டது. அவர்கள் இருவரும் மூழ்கி, ஒருவர் பிடுங்க, மற்றவர் உறிஞ்சுகுழாயைப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். குழாய் வழியே பாசியைப் படகுக்கு உறிஞ்சும் பம்பை ஓட்டுவது நான். பாசியோடு வரும் நண்டுக்குஞ்சுகளைப் பொறுக்கித் திரும்பக் கடலில் விடுவதும் நான். விரல்நீளத் துணுக்கு தப்பினால் போதும், ஒட்டிய இடத்தில் புதிதாகத் தழைத்துவிடும்.

வீட்டிலும் அவளுக்குக் கைதான் பேசும். இன்னொரு கரண்டி சோறு போடப்போனால் என் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நிமிர்த்துவாள். நிறுத்து என்று அர்த்தமாம்.

"வாய் இருக்குல்ல?" என்பேன்.

"பழகிப்போச்சுங்க" என்று சிரிப்பாள். யாரோடு பழகி?

அன்றைக்கு அதிகாரி படகில் இருந்தார். அடுத்த பருவத்துக்குக் குழுத்தலைவர் யார் என்று முடிவுசெய்ய வந்தவர். மூன்று வருஷமாக அவள் காத்திருந்த பதவி. மூழ்குவதற்கு முன் நெட்டை அவளிடம் என்னவோ சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய் பிடிப்பது எப்போதும் அவன்தான். அதிகாரி முன்னால் மூக்குடைபடட்டும் என்று பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் படகைச் சுற்றிப் பாசித் துணுக்குகள் மிதந்தன. பதறியவன்போல வலையை வீசி அள்ளினேன். பாதி அலையோடு போய்விட்டது.

இருவரும் மேலே வந்ததும், "குழாய் யார் பிடிச்சது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்" என்றாள் அவள்.

நெட்டை குறுக்கே வந்தான். "நான்தான் சார் குடுத்தேன். 'தலைவியம்மா, இன்னைக்குக் குழாய் உங்க கையில'ன்னு கிண்டல் பண்ணிக் குடுத்தேன். அக்கா மேல தப்பில்ல சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார். நான் வலையை உதறிக்கொண்டு நின்றேன்.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "பம்பு குறைஞ்சா குழாய் பிடிக்கிற கைக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"இல்லம்மா, நான் வந்து..."

என் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நிமிர்த்தினாள்.