தூய கிராமத்தின் பாழ்கிணறு

“பாழ்கிணத்துக்குள்ளை போட்டதெல்லாத்தையும் திருப்பி வெளியிலை எடுக்கவேணும்.”

சனசமூக நிலையத்துக் கூட்டத்தில் குணலட்சுமி எழுந்து நின்று இதைக் கேட்டதும், பெண்கள் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த அவளுடைய தாய் சிவக்கொழுந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில் புட்டு அவிக்கும்போதும் சொன்னாள், தலை வாரி இழுக்கும்போதும் சொன்னாள், வாசல் படலை தாண்டும்போது கையைப் பிடித்தும் சொன்னாள்: “என்னத்தையும் கதை, பிள்ளை. அந்தக் கிணத்தை மட்டும் கேளாதை.” மகள் தலையாட்டினாள். தோளில் தொங்கிய சாக்குப்பைக்குள் என்ன என்று கேட்டதற்கு, “புத்தகம்” என்றாள்.

தாயின் பயம் காரணமில்லாததல்ல. குணலட்சுமி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்குச் சனசமூக நிலையத் தலைவர் பரமலிங்கம் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் நல்ல மனத்தோடு இருந்த நாள் இன்றைக்குத்தான். ‘தூய கிராமம்’ என்று அரசாங்கக் கந்தோரில் கொடுத்த கேடயம் அவருக்கு முன்னால் மேசையில் பளபளத்துக்கொண்டிருந்தது.

பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயரில் குணமும் இருந்தது, லட்சுமியும் இருந்தாள். ஆளிடம் முன்னது கொஞ்சம் கட்டை. பின்னது அறவே இல்லை.

பரமலிங்கம் ஓய்வுபெற்ற ஸ்ரேஷன் மாஸ்ரர். ரயில் நின்றுபோனபின் ஊரை ஓட்டிக்கொண்டிருப்பவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, விளங்காமல்தான் கேக்கிறன். அந்தக் கிணத்துக்குள்ளை போடச்சொன்னது ஆர்?”

“நான்.”

“ரிப்பன் வெட்டினது?”

“நான்தான்.”

“இப்ப எடுக்கச் சொல்லுறது?”

“அதுவும் நான்தான்.”

“அந்த மூண்டு பேரையும் ஒருக்கா இருத்திக் கதைக்க விடுங்கோ, தலைவர்!” என்று பின்வரிசை வாங்கில் ஒரு குரல். சபை கொல்லென்று சிரித்தது. குணலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. தன்னைப் பற்றி ஊர் சொன்ன பகிடிகளில் இதுதான் பழுதில்லாதது என்று நினைத்தாள்.

உண்மையில் அந்த வருடம் ஊரில் குப்பை என்று சொல்ல அதிகம் இருக்கவில்லை. சண்டையால் சாமான் தடை வந்த நாள்முதல் சனம் எதையும் எறியவில்லை. ஜாம் போத்தில் விளக்காயிற்று. பால்மாத் தகரப்பேணி தண்ணீர் குடிக்க ஆயிற்று. சொப்பிங் பைகள் கழுவப்பட்டுக் கொடியில் காய்ந்தன. செத்த பற்றறியை வெயிலில் வைத்து, துளைபோட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி, திரும்பவும் றேடியோவில் செய்தி கேட்டார்கள். இத்தனைக்கும் பிறகு எறிய மிஞ்சியது, எந்தக் கெட்டித்தனத்துக்கும் மசியாத சாமான்கள்தான்: வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடித்த பூச்சிமருந்துப் பேணிகள், இனி எழும்பவே மாட்டாத பற்றறிகள், கறுத்துப்போன எஞ்சின் எண்ணெய், நூல் வராமல் பூட்டிக்கிடந்த நெசவு நிலையத்துச் சாயப் பீப்பாய்கள். ஒன்றையும் வீணாக்காத ஊர் பார்த்துப் பார்த்து வடித்தெடுத்த நஞ்சு.

அதை எங்கே போடுவது என்று படித்த பிள்ளையிடம் கேட்டார்கள். தகப்பன் தம்பிராசா பேப்பரை எழுத்துக்கூட்டி வாசிக்கிற தோட்டக்காரர். மகளின் பட்டமளிப்புப் படத்தைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்கும் சேர்த்துக் கும்பிடுபவர். அந்த வீட்டுப் பட்டதாரி விரலை நீட்டி, “கந்தப்பு அண்ணையின்ரை பனங்காணிக்குள்ளை ஒரு பாழ்கிணறு சும்மாதானே கிடக்கு” என்றாள். ஊர் கூடிச் சிரமதானம் நடந்தது. தேங்காய் உடைத்தார்கள். அவள் சூழல் பாதுகாப்பைப் பற்றி முழங்கினாள். கைதட்டல் காதுக்கு இனித்தது.

இதில் வேடிக்கை, அவள் படித்ததே புவியியல். ‘சுண்ணாம்புக்கல் நிலம் எதையும் வடிகட்டாது, ஒரு கிணற்றில் விழும் அழுக்கு வெடிப்புகளின் வழியே அடுத்த கிணற்றுக்குப் போகும்’ என்று அவள் எழுதிய வசனத்தை விரிவுரையாளர் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த வசனத்தைப் பரீட்சை மண்டபத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள் போலும்.

மாரி பெய்தது. பனங்காணிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் நல்லம்மா, தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்குபவள், பள்ளிக்கூட வாசலில் வந்து ஒரு போத்திலை நீட்டினாள்.

“ரீச்சர், உங்கடை புத்தகத்திலை தண்ணிக்கு என்ன நிறம் எண்டு போட்டுக் கிடக்கு?”

போத்திலுக்குள் இளம்பச்சை.

“கிணறு முழுக்க உப்பிடித்தான். சின்னவன் சர்பத் எண்டு நினைச்சுக் கேட்டு அழுறான்.”

குணலட்சுமி போத்திலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நிலத்தடி நீர் எந்த வழியால் ஓடுகிறது என்று அறிய, ஓரிடத்தில் சாயத்தைக் கரைத்துவிட்டுச் சுற்றியுள்ள கிணறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடப்புத்தகத்தில் படத்தோடு இருந்தது. நிபுணர்கள் பெருஞ்செலவில் செய்யும் அந்தப் பரிசோதனையை அவள் தேங்காய்ச் செலவோடு முடித்திருந்தாள். முடிவும் திறமாக வந்திருந்தது. சாயமாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே வழியால் வரும் பூச்சிமருந்துக்கு நிறமில்லை. நல்லம்மாவின் மூன்று பிள்ளைகளும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

இப்போது கூட்டத்தில் குணலட்சுமி அதே போத்திலைக் கொண்டுபோய்க் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பரமலிங்கம் கேடயத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

“உது சாயம், பிள்ளை. காய்ச்சினால் போயிடும்.”

“நான் காய்ச்சித்தான் ஐயா கொண்டந்தனான்,” என்றாள் வாசலில் நின்ற நல்லம்மா. உள்ளே வந்து இரு என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஒரு மிடறு குடிச்சுக் காட்டுங்கோவன், தலைவர்,” என்றாள் குணலட்சுமி.

பரமலிங்கம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“சரி, எடுக்கிறம் எண்டே வை. எடுத்து எங்கை வைக்கிறது? கடலுக்குள்ளையோ? கொப்பர் தம்பிராசாவின்ரை தலையிலையோ?”

நியாயமான கேள்வி. குப்பையைப் பற்றி உலகத்தில் இருப்பதே அந்த ஒரு கேள்விதான், மற்றதெல்லாம் பேச்சுப்போட்டி. அன்று ரிப்பனுக்கு முன்னால் அதைக் கேட்டிருக்கவேண்டியவள், இந்தக் கிழமை முழுக்க ஊரைச் சுற்றி நடந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கே வைத்தாலும் கீழே மண்; மண்ணுக்குக் கீழே கல்; கல் முழுக்க ஓட்டை. மழை இறங்காத தளம் சும்மா கிடந்தது ஒரே ஓரிடத்தில்தான்.

“என்ரை சீதன வீட்டிலை வைப்பம்,” என்றாள்.

ஆண்கள் வாங்கிலிருந்து தம்பிராசா துள்ளி எழுந்தார். மகளுக்கென்று அத்திவாரம் வெட்டி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு முடிந்ததும், ஊருக்குச் சீமெந்து வருவது நின்றுபோயிற்று. சுவரில்லாத அந்த வீட்டை அவர் ஒவ்வொரு வெள்ளியும் கூட்டிவிட்டு வருவார்.

“என்னடி விசரே! குப்பை குடியிருக்கிற வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்?”

“சுவரில்லாத வீட்டுக்கும் ஒருத்தரும் வரேல்லைத்தானே, ஐயா. நிலம் வெடிப்பில்லாமல் இருக்கு. மேலை தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடிவிட்டால் ஒரு சொட்டும் கீழை இறங்காது. நீங்கள் போட்ட சீமெந்து, நல்ல சீமெந்து.”

அந்தக் கடைசி வசனம் ஏச்சா புகழ்ச்சியா என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கும் முழுதாக விளங்கவில்லை.

“இன்னொண்டு. அந்தக் கிணறு தெளியிறதுக்கு எத்தனை மாரி போகுமோ தெரியாது. அதுவரைக்கும் நல்லம்மாக்கா ஆக்கள் எங்கடை கிணத்திலை அள்ளுவினம்.”

இதற்கு யாரும் பகிடி விடவில்லை. ஆருடைய கிணற்றில் ஆர் வாளி போடலாம் என்பது எந்தக் காணி உறுதியிலும் எழுதாமலே எல்லோருக்கும் பாடம்.

“பிள்ளை,” என்றார் பரமலிங்கம் மெல்ல, “நியமன விசயத்தையும் யோசிச்சுக் கதை.”

“யோசிச்சுப்போட்டுத்தான் வந்தனான்.”

“நான் ஓம் எண்டு சொன்னனோடி?” என்றார் தம்பிராசா.

“நான் கேக்கேல்லை, ஐயா. கேட்டால் இல்லை எண்டுவியள். பிறகு நான் அழவேணும், அம்மா அழவேணும். பொழுதுபட்டிடும்.”

வாங்குக்குக் கீழே இருந்த சாக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். புத்தகம் ஒன்றும் இருக்கவில்லை. கயிறு கட்டிய பாதாளக்கரண்டி இருந்தது. கிணற்றில் வாளி விழுந்தால் துழாவி எடுக்க அவர்கள் வீட்டில் வைத்திருக்கும் பல கொளுக்கிக் கரண்டி. ஒரு பீப்பாயைத் தூக்க அது காணாது என்று அவளுக்குத் தெரியும். பேணிகளில் தொடங்கலாம்.

“வாங்கோ, அக்கா,” என்றாள் வாசலில் நின்ற நல்லம்மாவிடம்.

“அப்ப கேடயம்?” என்று அந்தப் பின்வரிசைக் குரல் கேட்டது.

“வெறும் தகரம்தான், அண்ணை,” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கியபடி. “பழசானால் கிணத்துக்குள்ளை போட்டிடாதையுங்கோ.”