பரவாயில்லைக்கு இரண்டாம் எண்

ஹெட்போனில் அக்காவின் குரல் கேட்டதும் அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அக்கா இல்லை. தண்ணீர்க் கேன் இருந்தது, சுவரோரம் அடுக்கிவைத்த நாற்காலிகள் இருந்தன, ஜன்னல் பக்கத்து மேசையில் கணினிக்குள் தலையை விட்டபடி புள்ளியியல்காரர் இருந்தார். பதிவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் கேட்டாள். சந்தேகமே இல்லை. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசிப் பேசி, பாதிச் சொல் வாய்க்குள்ளேயே தங்கிவிடுகிற அந்தப் பேச்சு உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. பின்னணியில் தையல் மெஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

நகரத்துச் சுகாதார நிலையங்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய ஆய்வு. எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். களப்பணிக்குப் போகிற பெண்கள் ரெக்கார்டரோடு போய்ப் பேசவைத்துக்கொண்டு வருவார்கள். பேரையும் தெருவையும் நீக்கிவிட்டு, பதிவுகள் அவள் மேசைக்கு வெறும் எண்களாக வந்து வரிசையில் நிற்கும். அவள் வேலை, கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் போடுவது. 'நல்லாருக்கு' என்றால் ஒன்று. 'பரவாயில்ல' என்றால் இரண்டு. 'மோசம்' என்றால் மூன்று. கடைசியில் ஒன்றையும் இரண்டையும் கூட்டி 'நிறைவு' என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

அந்த இரண்டைப் பற்றி ஆரம்பத்திலேயே ஒரு சின்னத் தகராறு வந்தது. "மேடம், பரவாயில்லன்னா நல்லாருக்குன்னு அர்த்தமா, இல்ல விட்டுத் தொலைன்னு அர்த்தமா?" என்று புள்ளியியல்காரர் கேட்டார். மனிதர் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பவர் என்பதால், இதையும் அவருடைய வழக்கமான குடைச்சலாகவே அவள் எடுத்துக்கொண்டாள். "மழையில நனைஞ்ச பிள்ளைக்குக் காய்ச்சல் பரவாயில்லையான்னு கேக்குறோம், பரவாயில்லன்னு சொன்னா குறைஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?" என்று ஒரே போடாகப் போட்டு, விதிக் குறிப்பில் தன் கையாலேயே எழுதிவைத்தாள். இப்போது ஆய்வு முடிகிற நேரம். பதிவுக்குப் பதிவு இரண்டு, இரண்டு என்றே விழுந்திருந்தது. மக்கள் நிறைவாக இருக்கிறார்கள், கூடுதல் நர்ஸ் போடவேண்டிய அவசரம் இல்லை என்று மேலிடத்தில் இப்போதே பேச்சு.

பதிவில் களப்பணிப் பெண் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "நீங்க சொல்றது உங்க பேரோட எங்கயும் வெளிய போகாதும்மா." அந்த வாக்கியமும் இப்போது ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறவள் எழுதிக் கொடுத்ததுதான்.

அக்கா பேசினாள். மெஷினை நிறுத்தாமல் பேசினாள். சுகர் இருப்பது, வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்தது, பெடல் மிதித்து மிதித்து அது உடைந்து புண்ணானது. சுகாதார நிலையத்துக்குப் போனால் கட்டு மாற்றுகிற நர்ஸம்மா அன்றைக்கு வேறு இடத்தில். மறுபடி போனால் வரிசை தெருமுனை வரைக்கும். நின்று நின்று உள்ளே போனபோது மருந்து தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்றார்களாம். "நாளைக்குப் போனா அன்னிக்குத் தையலு யாரு தைக்கிறது? பள்ளிக்கூடம் திறக்குற நேரம். அதான் லைனிங் துணியக் கிழிச்சு நானே கட்டிக்கிறேன். ராத்திரியில விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். இப்பல்லாம் அதுவும் இல்ல, மரத்துப்போச்சு."

மரத்துப்போச்சு என்ற இடத்தில் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். சுகர்க்காரர் காலில் வலி நின்றுபோவது நல்ல சேதி இல்லை என்பதைப் பற்றி அவள் கட்டுரையே எழுதியிருக்கிறாள்.

"மொத்தமாப் பாத்தா சுகாதார நிலையத்தோட சேவை எப்படி இருக்குன்னு சொல்வீங்க?"

மெஷின் நின்றது. அதுவரைக்கும் நிற்காத மெஷின்.

"பரவாயில்ல," என்றாள் அக்கா.

விதிப்படி இரண்டு போடவேண்டும். போடவில்லை. எழுந்து புள்ளியியல்காரரிடம் போனாள்.

"சார், பதிவுல தெரிஞ்சவங்க குரல் வந்தா என்ன பண்ணணும்?"

"வேற ஆளுகிட்டக் கொடுத்துடணும். கேட்டதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. அவங்ககிட்டயும்தான்." கணினியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னவர், பிறகு நிமிர்ந்தார். "நீங்க எழுதின விதிதானே மேடம்?"

அவள் எழுதிய விதிதான். ஊருக்கெல்லாம் விதி எழுதுகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து எல்லாம் வந்து அவள் தலையிலேயே விடிந்தது. தலைவலி என்று அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வாராவாரம் போகிற வீடு. போன ஞாயிற்றுக்கிழமைகூடப் போனாள். எப்படிக்கா இருக்க என்று கேட்டாள், பரவாயில்ல என்றாள் அக்கா, டீ குடித்தார்கள். வீட்டுக்குள் காலுறை எதற்கு என்று அவள் கேட்டதும், தரை சில்லென்றிருக்கிறது என்று அக்கா சொன்னதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. கோபம் கோபமாக வந்தது. அக்கா மேலா, தன் மேலேயா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். அம்மா போனபின் தன்னைப் படிக்கவைத்தவள் அக்கா. அந்த மெஷினில்தான் தன்னுடைய கல்லூரிச் சட்டைகள் எல்லாம் தைக்கப்பட்டன. அக்காவிடம் கேட்டு வாங்கித்தான் பழக்கமே தவிர, அக்காவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லை.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மாமா லாரியோடு வெளியூர் போனால் திரும்ப நாளாகும். முன்னறை முழுக்கப் பாதி தைத்த சீருடைகள். மெஷினுக்கு முன்னால் அக்கா, உதட்டில் குண்டூசி.

"வா சர்வே," என்றாள். ஆய்வு வேலைக்குப் போன நாளிலிருந்து அக்கா அவளுக்கு வைத்திருக்கிற பேர் அது. "என்ன, வேலை நாள்ல வந்திருக்க? வேலையவிட்டுத் துரத்திட்டாங்களா?"

"சும்மாதான்க்கா. இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு."

மெஷினுக்குக் கீழே பார்த்தாள். பெடலில் இடது கால் மட்டும் இருந்தது. வலது கால் ஓரமாக, துணி மூட்டையின் மேல், சாம்பல் நிறக் காலுறைக்குள். கேட்டுவிட்டால் எப்படித் தெரியும் என்பாள். கேட்காமல் போனால் அந்தக் கால் போய்விடும். நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்க அவள் படாத பாடு பட்டாள். சீருடை ஒன்றைக் கையில் எடுத்தாள், மடித்தாள், கீழே வைத்தாள்.

"எப்படிக்கா இருக்க?"

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னா?"

அக்கா குண்டூசியை எடுத்துத் துணியில் குத்திவைத்தாள். "பரவாயில்லன்னா பரவாயில்ல. இதுக்கும் நம்பர் போடணுமா?"

"இல்ல... உடம்பு, கை, கால் எல்லாம்..."

"அப்ப கேட்டுட்ட," என்றாள் அக்கா.

"என்னத்தக் கேட்டேன்? நான் ஒண்ணும் கேக்கல."

"காத சொறியாத. பொய் சொல்றப்பல்லாம் சின்னதுல இருந்தே அந்தக் காதத்தான் சொறிவ." அக்கா சிரித்தாள். "அந்தப் பொண்ணு கழுத்துல அட்டை தொங்குச்சே, அதுல உன் ஆபீஸ் பேரு. உன் காதுக்கு வரும்னுதான் அம்புட்டும் சொன்னேன். இல்லன்னா முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட என் கால் கதைய எதுக்குச் சொல்லப்போறேன்?"

அவளுக்குக் காதிலிருந்து கையை எடுக்கவே தோன்றவில்லை. "ஏங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னேனே. சுகர் வந்தப்ப சொன்னேன். அன்னிக்குப் பூரா கிளாஸ் எடுத்த. எதத் தின்னணும், எதத் தின்னக்கூடாது, எம்புட்டு நடக்கணும். நான் பயமா இருக்குடின்னு சொல்ல வந்தேன், அதச் சொல்ல இடமே கிடைக்கல." குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. நூல் அறுந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "அந்த ரெக்கார்டர்ல பேசினா நீ நடுவுல பேச முடியாது பாரு. கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும்."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"அந்தப் பொண்ணு எப்பக்கா வந்துச்சு?"

"மழைக்கு முன்னாடி."

மழை வந்து, பெய்து, ஓய்ந்தும் ஆகிவிட்டது. அத்தனை நாளும் அக்காவின் குரல் வரிசையில் நின்றிருக்கிறது, அவள் மேசைக்கு மேலேயே.

"நீ வர்றப்பல்லாம் மூஞ்சியப் பாப்பேன், கேட்டுட்டாளா என்னன்னு," என்றாள் அக்கா. "நீ பாட்டுக்கு உள்ள வந்து எப்படிக்கா இருக்கன்னு கேப்ப. சரி, இன்னும் கேக்கல போலருக்குன்னு நானும் பரவாயில்லன்னு சொல்லுவேன்."

அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும், எதைச் செய்திருக்கக் கூடாது. வாயை இறுக்க மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில், துணித் துண்டுகளுக்கு நடுவில்.

"என்ன, பேச்சையே காணோம்?"

"நீ சொல்லுக்கா."

அக்கா குனிந்து காலுறையைக் கழற்றினாள். உள்ளே லைனிங் துணி, சீராக, மடிப்பு மடிப்பாக, தையல்காரியின் கட்டு. முதல் சுற்று வெள்ளையாக வந்தது. அடுத்தது மஞ்சள். அதற்கடுத்தது வர மறுத்தது.

"ஒட்டிக்கிச்சு," என்றாள். "இழுத்தாலும் எனக்கு வலிக்காது. ஆனா இழுக்கத்தான் பயமா இருக்கு."

அவள் எழுந்துபோய் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து எடுத்துவந்தாள். வீதியில் பார்த்து ஆட்டோவை நிறுத்திவைக்கும்படி பக்கத்துக் கடைக்காரருக்குக் குரல் கொடுத்தாள். அக்காவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையை நனைத்து நனைத்து, ஒட்டிய துணியின் மேல் பிழிந்தாள். தண்ணீர் அவள் உடுப்பிலும் இறங்கியது. துணி நனைய நேரம் எடுத்தது. அக்கா பேச ஆரம்பித்தாள், கொப்புளம் வந்த நாளிலிருந்து, மறுபடியும் முதலிலிருந்து. அக்காவின் இடது கால் பழக்கதோஷத்தில் பெடலை மெல்ல மிதித்துக்கொண்டே இருந்தது. துணி இல்லாத மெஷினில் ஊசி ஏறி ஏறி இறங்கியது.