சத்தம் போடாத சப்பாத்து

"விக்ரோரியா!"

எட்டுப் பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். எட்டுப் பேரும் சுவரைப் பார்த்துக் கண்களை மூடிக்கொண்டு நின்றவர்கள். அவள் மரப்பெட்டியிலிருந்து குதித்த சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிட்டார்கள்.

விக்ரோரியாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தக் குளிர்நாட்டு ஹோர்சன்ஸ் நகருக்கு அகதியாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் காலடியைக் கேட்டே பெயர் சொல்கிறார்கள் என்றால் சும்மாவா? கையை உயர்த்தி ஒரு வணக்கம் போடலாமா என்று அவள் யோசித்தபோது கூடைப்பந்துப் பயிற்சியாளர் இங்கெலிஸ் விசிலை ஊதினாள்.

"மற்ற யாரையும் இவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உன்னைச் செவிடன்கூடக் கண்டுபிடிப்பான்," என்றாள் ஆங்கிலத்தில். "வியாழக்கிழமை மறுபடியும் இதே சோதனை. சத்தம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை நீ பெஞ்சில்."

ஞாயிற்றுக்கிழமை சில்க்போர்க் அணியோடு ஆட்டம். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஊர்ப் பெடியளை, இங்கிருக்கும் யாழ்ப்பாணத்து இளைஞர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வருவதாக அண்ணன் ஸ்ரனிஸ்லாஸ் ஏற்கெனவே தண்டோரா போட்டாயிற்று. அத்தனை பேருக்கும் முன்னால் பெஞ்சில் உட்காருவதா? யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பாடசாலையின் வலைப்பந்து அணித் தலைவியா?

இங்கெலிஸைப் பற்றி அவளுக்கு முதல் நாளிலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. பந்து விளையாட வந்தவர்களைத் தரையில் படுக்கப் போடுகிறவளெல்லாம் ஒரு கோச்சா? மல்லாந்து படு. ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டு. இடுப்பைத் தரையைவிட்டு எழும்ப விடாதே. பிறகு குப்புறப் புரண்டு, முழங்கையிலும் கால்விரலிலும் பலகைபோல் நில். வயிறு நடுங்கினாலும் நில். அது முடிந்தால் பெட்டியிலிருந்து குதி. இரண்டு காலிலும் இறங்கு, முழங்காலை மடக்கு, உள்ளே சாயவிடாதே. பந்தைக் கண்ணில் காட்டுவதற்குள் பாதி நேரம் போய்விடும். மற்ற ஊர்க் கோச்சுகள் இவளுக்குத் 'தரை துடைக்கிறவள்' என்று பட்டம் வைத்திருப்பதாகச் சக ஆட்டக்காரி பிர்கிட்ட சொன்னபோது, விக்ரோரியா வாய்விட்டுச் சிரித்தாள்.

வலைப்பந்தில் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. பந்தைப் பிடித்து இறங்கியதும் ஊன்றிய காலை இழுக்கக் கூடாது, இழுத்தால் விசில். அதனால் விக்ரோரியா ஒற்றைக் காலில், முழங்காலை விறைத்துக்கொண்டு, ஆணி அடித்தாற்போல் இறங்குவாள். டம்! மைதானமே திரும்பிப் பார்க்கும். கூடைப்பந்தில் இன்னோர் அடி வைத்து வேகத்தைத் தணிக்கலாம் என்று இங்கெலிஸ் சொல்லாத நாளில்லை. வைக்கிறவர்கள் வைக்கட்டும். நிற்கத் தெரியாதவர்களுக்குத்தானே அந்தச் சலுகை!

கொஞ்ச நாளாகப் படி இறங்கும்போது இடது முழங்கால் குத்தியது உண்மைதான். பிஸ்கற் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று பெட்டி அடுக்குகிற காலுக்கு இந்தக் குளிரில் வேறென்ன செய்யும் என்று தைலத்தைத் தேய்த்துவிட்டு, அதை மறந்துபோனாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள்.

"அண்ணை, இஞ்சை பார். இதுதான் அந்த மனிசியின்ர கூடைப்பந்து." தரையில் மல்லாந்து கிடந்து கைகாலை உதறிக் காட்டினாள்.

ஸ்ரனிஸ்லாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கரப்பானுக்கு மருந்தடிச்ச மாதிரியெல்லோ கிடக்கு!"

"நீ சிரி. குதிக்கேக்கை சத்தம் கேட்டா ஞாயிற்றுக்கிழமை இறக்கமாட்டாளாம்."

"சத்தம்தானே பிரச்சினை? சத்தத்தை நிப்பாட்டினாச் சரி. இதுக்கே விசரி, மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கிறாய்?"

மறுநாள் அவன் வேலைத்தலத்திலிருந்து ஒரு துண்டு நுரைப் பஞ்சு கொண்டுவந்தான். அவன் வேலை செய்தது விளக்குகளைப் பொதி செய்கிற இடத்தில். பஞ்சு மஞ்சள் நிறம், மெத்தைபோல் அமுங்கும்.

"இதுக்குள்ளை வைச்சுத்தான் கண்ணாடி விளக்கெல்லாம் அமெரிக்காவுக்குப் போகுது. கப்பலிலை தூக்கி எறிஞ்சாலும் ஒரு கீறல் விழாது. உன்ர கால் என்ன, கண்ணாடியை விடத் திறமான சாமானோ?"

செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த பழைய சப்பாத்து எப்படியும் ஓர் அளவு பெரிது. பஞ்சை வெட்டி இரண்டு அடுக்காக உள்ளே திணித்தாள். கட்டிலில் ஏறிக் குதித்துப் பார்த்தாள். கீழ்வீட்டுக் கிழவன் வழக்கம்போல் தடியால் கூரையைத் தட்டவில்லை.

"பாத்தியே!" என்றான் ஸ்ரனிஸ்லாஸ். "மூளை இருக்கிறவன் ஏன் தரையிலை படுக்கவேணும்?"

வியாழக்கிழமை சோதனை. யாருக்கும் குறை இருக்கக் கூடாதென்று இங்கெலிஸும் மற்றவர்களோடு சுவரைப் பார்த்து நின்றாள். முட்டாள், என்று நினைத்துக்கொண்டு விக்ரோரியா பெட்டியிலிருந்து குதித்தாள். அதே ஒற்றைக் கால், அதே விறைத்த முழங்கால். பஞ்சு சத்தத்தை விழுங்கிவிட்டது.

"பிர்கிட்டவா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வேறு பெயர் சொன்னாள்.

திரும்பிப் பார்த்த இங்கெலிஸின் முகம் பூவாக மலர்ந்தது. ஓடிவந்து விக்ரோரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பார்த்தாயா? முழங்காலை மடக்கினாய், சத்தமே இல்லை! ஞாயிற்றுக்கிழமை முதல் ஐந்து பேரில் நீயும் ஒருத்தி."

"ஓம், ஓம்," என்று தமிழிலேயே தலையாட்டினாள் விக்ரோரியா. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவளுக்குக் கழுத்தில் விசில் ஒரு கேடு!

ஞாயிற்றுக்கிழமை மேல்வரிசையில் ஊர்ப் பெடியள் நிறைந்திருந்தார்கள். நடுவில் ஸ்ரனிஸ்லாஸ், அணியையே விலைக்கு வாங்கியவன்போல். சில்க்போர்க் பெண்கள் ஒவ்வொருத்தியும் மின்கம்பம் மாதிரி. அந்தக் கம்பங்களுக்கு மேலால் விக்ரோரியா எழும்பினாள். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் அவள் கைக்கே வந்தன.

"பிடிச்சா விக்கி பிடிக்கவேணும்!" என்று மேலிருந்து ஒருவன் கத்தினான்.

சப்பாத்துக்குள் கால் நீந்துவதுபோல் இருந்தது. வியர்வையில் பஞ்சு நனைந்து அங்குமிங்கும் சுருண்டது. ஓரிரு தடவை கணுக்கால் ஆடியபோது இங்கெலிஸ் ஓரத்திலிருந்து, "இரண்டு கால்! மடக்கு!" என்று அலறினாள். தரை துடைக்கிறவள் அலறட்டும்.

இடைவேளைக்குச் சற்று முன், பந்து வளையத்தில் மோதி உயர எழும்பியது. விக்ரோரியாவும் எழும்பினாள். மின்கம்பம் ஒன்றின் விரல்நுனியிலிருந்து பந்தைப் பறித்தாள். கைதட்டல் காதில் விழுந்தது. இடது காலை நீட்டி, விறைத்து, ஆணி அடிக்க இறங்கினாள்.

ஆணி இறங்கவில்லை. நனைந்த பஞ்சில் பாதம் ஒரு பக்கம் வழுக்க, முழங்கால் இன்னொரு பக்கம் உள்ளே மடிந்தது. தரையில் சத்தமே இல்லை. சத்தம் முழங்காலுக்குள் கேட்டது, ஈர விறகு முறிவதுபோல.

பந்து உருண்டு போயிற்று. அவள் எழும்பவில்லை.

இங்கெலிஸ்தான் முதலில் ஓடிவந்தாள். முழங்காலைத் தொடாமல், சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து மெல்ல இழுத்தாள். மஞ்சள் பஞ்சு இரண்டு துண்டாக வெளியே விழுந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவள் முகத்திலிருந்த கரிசனை வடிந்து, குழந்தை எச்சில் துப்பிய சட்டையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை வந்தது.

அதற்குள் மேலிருந்து பாய்ந்து வந்த ஸ்ரனிஸ்லாஸ், தங்கச்சியின் முகத்தையும் பார்க்காமல் பஞ்சைப் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் செருகினான். இங்கெலிஸ் கையை நீட்டினாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"குடு, அண்ணை," என்றாள் விக்ரோரியா, பல்லைக் கடித்துக்கொண்டு. "கண்ணாடி உடைஞ்சு போச்சு."

மூட்டுக்குள் இருக்கிற நார் அறுந்துவிட்டது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. பிஸ்கற் தொழிற்சாலையில் அவள் இடத்துக்கு வேறொருத்தியை எடுத்தாயிற்று. பெடியள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மாலை அழைப்பு மணி அடித்தது. ஸ்ரனிஸ்லாஸ் கதவைத் திறந்தான். பனி படிந்த தொப்பியோடு இங்கெலிஸ் நின்றாள். நலம் விசாரிக்கவில்லை, பூச்செண்டும் இல்லை. தரையைச் சுட்டிக்காட்டினாள்.

"படு."

"நான் மறுபடி விளையாடலாமா?" என்று கேட்டாள் விக்ரோரியா.

"தெரியாது. காலுக்கு இப்போது ஒன்றும் செய்யமுடியாது. வயிறு சும்மாதானே இருக்கிறது? படு."

விக்ரோரியா அண்ணனின் தோளைப் பிடித்துத் தரையில் இறங்கி மல்லாந்தாள். மாவுக்கட்டுப் போட்ட காலை இங்கெலிஸ் தலையணையில் வைத்தாள். மற்றக் காலும் கைகளும் மேலே. எதிர்க்கை நீண்டது, கால் நீண்டது, இடுப்பு தரையோடு ஒட்டி நின்றது. ஸ்ரனிஸ்லாஸின் உதடு கோணுவதை இங்கெலிஸ் கண்டுவிட்டாள்.

"நீயும்," என்றாள்.

"நானோ? எனக்கென்னத்துக்கு?" என்றான் தங்கச்சியிடம்.

"படு அண்ணை. நீ அண்டைக்குக் குடுத்த பஞ்சு இன்னும் அவவிட்டைக் கிடக்கு."

அவன் படுத்தான். கையையும் காலையும் நீட்டினான். நீட்டியதுமே இடுப்பு வில்லாக வளைந்து, வயிறு தடதடவென்று நடுங்கி, குதிக்கால் 'டம்' என்று தரையில் விழுந்தது. கீழ்வீட்டுக் கிழவன் தடியால் தட்டினான்.

விக்ரோரியா நடுங்காத வயிற்றோடு, தலையை மட்டும் திருப்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கோ நீ அண்டைக்குச் சிரிச்சனி?" என்றாள். "கரப்பான் கூட உன்னைவிட வடிவாச் செய்யும்."