சுரங்கத்துக்குள் ஒருவர்

மசாலாத்தூள் பைகளை இருபத்துநான்கு இருபத்துநான்காகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது. மங்கையற்கரசி கையிலிருந்த பையையும் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். போன கிழமையும் இப்படி அடித்து, ஐந்து நிமிடத்தில் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சும்மா அலாரம் இல்லையக்கா, கெதியா வெளிய வாங்கோ," என்று போர்க்லிஃப்ற்றை விட்டு இறங்கி வந்தான் ஜோசுவா. "பின்னால பைப் புதைக்கக் கிடங்கு வெட்டினவங்கள் ஷெல் ஒண்டைக் கண்டிருக்கிறாங்கள்."

"என்ன ஷெல்?"

"பீரங்கிக் குண்டு. ரெண்டாம் உலக யுத்தத்து ஆளாம்."

ஜக்கெற்றை எடுக்க விடவில்லை. நவம்பர்க் குளிரில் வேலைக்கோட்டோடும் தலைவலையோடும் எழுபது பேர் பார்க்கிங் லொட்டின் தூரத்து மூலையில் போய் நின்றார்கள். பொலிஸ்காரர் மஞ்சள் நாடா கட்டினார்கள். வெக்ஸ்போர்ட் தெருவை மறித்து, பஸ்களைத் திருப்பிவிட்டார்கள்.

அந்தக் கட்டடம் யுத்த காலத்தில் என்னவாக இருந்தது என்று அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். லஞ்ச் ரூமில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. வெள்ளை உடுப்பும் தலைக்கட்டும் அணிந்த பெண்கள் நீள மேசைகளில் வரிசையாக இருந்து ஷெல்லுக்கு ஃபியூஸ் நிரப்புகிறார்கள். ஒரு பொறி பட்டாலும் ஆபத்து என்பதால், கழற்ற முடியாத மோதிரங்களின் மேல் துணிநாடா சுற்றியிருக்கிறார்கள். மங்கையற்கரசியின் மோதிரத்திலும் நாடா உண்டு, நீல நிறம். மசாலாவுக்குள் ஒன்றும் விழக்கூடாது என்பது இந்தக் காலத்துச் சட்டம்.

சூப்பர்வைசர் றிச்சர்ட் பெயர்களை வாசித்தான். முதலில் கொம்பனி ஆட்கள், பிறகு ஏஜென்சி ஆட்கள். அவள் தன் பெயருக்குக் கை உயர்த்தினாள். கடைசிப் பெயரும் முடிந்ததும் தாளின் அடியில் கையெழுத்து வைத்து, தீயணைப்பு அதிகாரியிடம் கொடுத்தான். உள்ளே ஒருவரும் இல்லை என்றான்.

"ஜோசுவா, இவரைக் கூப்பிடேல்லை," என்றாள்.

"ஆரை?"

"என்ர மனுசனை. கீழ ரனலுக்க நிக்கிறார்."

கட்டடத்தின் அடியில், அந்தக் காலத்தில் நீராவிச் சூட்டுக் குழாய்கள் கொண்டுபோன சுரங்கம் ஒன்று இருந்தது. மழை வெள்ளம் அதற்குள் இறங்கியிருந்தது. இராசரத்தினம் மூன்று கிழமையாக அங்கே தனியாக நின்று பம்ப் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவரை வேலைக்கு எடுத்தது கிளீனிங் கொன்ராக்ற்காரனின் கீழ் இன்னொரு கொன்ராக்ற்காரன். பம்ப் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேளாது. சுரங்கத்துச் சுவரிலிருந்து ஷெல் கிடந்த கிடங்குக்குப் பத்தடிதான்.

ஜோசுவா ஓடிப்போய் றிச்சர்ட்டிடம் சொன்னான். றிச்சர்ட் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கோ போன் அடித்தான், எடுப்பார் இல்லை.

"அவற்ற கொம்பனிக்காரர் அவருக்குச் சொல்லியிருப்பினம் எண்டுறான் அக்கா. அவர் தன்ர லிஸ்ற்றில இல்லையாம்."

"ஆர் சொல்லுறது? ரனலுக்க போன் வேலை செய்யாது!"

அவள் நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். யாரோ கத்தினார்கள். தீயணைப்பு அதிகாரி ஓர் உயரமான பெண். இரண்டு கைகளையும் விரித்து மறித்தாள். மங்கையற்கரசி தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினாள். "மை ஹஸ்பண்ட். டவுன். பம்ப் நொய்ஸ். ஹீ நோ ஹியர்." நிலத்தைக் காலால் மிதித்துக் காட்டினாள். அதிகாரி ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்: எந்தப் படி?

"புளூ டோர். செவன்ரீன் ஸ்ரெப்ஸ்."

பத்து மணி இடைவேளையில் நாள்தோறும் தேத்தண்ணி கொண்டு இறங்குகிற படி. இரண்டு பேர் நீலக்கதவை நோக்கி ஓடினார்கள்.

வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தபோது அவர் பக்கத்தில் இருந்தார். ஷெல் கூவுகிற சத்தத்தை வைத்தே எங்கே விழும் என்று சொல்லுவார். இப்போது ஒரு கூவலும் இல்லை. மோதிரத்து நீல நாடாவை நகத்தால் உரித்துக்கொண்டே கதவைப் பார்த்தபடி நின்றாள். நாடா முழுவதும் உரிந்து விழுந்தது. கதவு திறக்கவில்லை.

பிறகு திறந்தது. இரண்டு தீயணைப்பு வீரர்களுக்கு நடுவில் இராசரத்தினம் வந்தார். ரப்பர் பூட்ஸ், நனைந்த களிசான், பட்டப்பகலில் நெற்றியில் எரிகிற லைற்.

"என்னப்பா இது? ரீ வரேல்லையே எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றார்.

"ரீயோ? உங்களுக்கு இப்ப ரீயோ?" அவர் தோளில் அடித்தாள். அடித்த கையாலேயே சேட்டுக் கொலரைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏஜென்சிப் பெண்கள் கை தட்டினார்கள். அதிகாரி தன் கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து அவரைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். றிச்சர்ட்டும் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

இராணுவக் குண்டு நிபுணர்கள் வரும்வரை இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்தது. பயம் போனபிறகு எல்லாருக்கும் கதை வந்தது. தன்னுடைய பாட்டி இந்தக் கட்டடத்தில்தான் ஃபியூஸ் நிரப்பினவர் என்றான் றிச்சர்ட். தாத்தா அந்த நேரம் இத்தாலியில் பீரங்கிப் படையில் நின்றாராம். பாட்டி நிரப்பியதைத் தாத்தா சுட்டிருப்பார் என்று வீட்டில் பகிடி சொல்லுவார்களாம். ஜோசுவா அதைத் தமிழில் சொல்ல, இராசரத்தினம் தலையாட்டிக் கேட்டார்.

"எங்களுக்கு மேல விழுந்ததுகளையும் எங்கயோ ஒரு பொம்பிளை தலையைக் கட்டிக்கொண்டு இருந்து நிரப்பியிருப்பாள், என்ன?" என்றாள் மங்கையற்கரசி.

"ஓம். சிஃப்ற் முடிய வீட்ட போய்ச் சமைச்சும் இருப்பாள்," என்றார் அவர்.

நிபுணர்கள் வந்தார்கள். ஒருவனுக்கு இரண்டு பேர் சேர்ந்து தடித்த பச்சைக் கவச உடுப்பைப் போட்டுவிட்டார்கள். தலைக்கவசத்தோடு அவன் மெல்ல மெல்ல நடந்து கிடங்குக்குள் இறங்கினான். அரைமணித்தியாலம் கழித்து வெளியே வந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினான். வெடிமருந்து போடாத வெறும் கோதாம். எழுபது பேரும் ஆரவாரம் செய்தார்கள். யாரோ டோனற்பெட்டி கொண்டுவந்தார்கள். இராசரத்தினம் இரண்டு தின்றார்.

அவர் இரண்டாவதை விழுங்குமுன் றிச்சர்ட் வந்தான். பம்ப்பை நிறுத்தியதால் கீழே தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது என்று ஜோசுவாவிடம் சொன்னான். ஜோசுவா அதை நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னான்.

இராசரத்தினம் போர்வையை மடித்து அவளிடம் தந்தார். "போயிட்டு வாறன்."

நீலக்கதவின் பக்கத்தில் அந்த இராணுவக்காரன் நாற்காலியில் இருந்தான். ஒருவன் அவனுடைய கவசப் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான், இன்னொருவன் கோப்பி நீட்டினான். ஒரு மருத்துவப் பணியாளர் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சற்று ஒதுங்கி, ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று சத்தமிட, இராசரத்தினம் படியில் இறங்கினார்.