தாடி எழுதிய வரிகள்

சீப்பு என்று அதற்குப் பெயர் வைத்ததே தாடிதான்.

அந்த அலுவலகத்தில் கோடு, அதாவது கணினி நிரல், எழுத செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்களை இறக்கியிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, மனிதர்கள் ஒரு வாரம் செய்வதை மதியச் சாப்பாட்டுக்குள் எழுதித் தள்ளிவிடும். ஆனால் ஒன்று வரியை உள்ளே தள்ளும், இன்னொன்று வெளியே இழுக்கும். படிக்கிறவன் பாடு திண்டாட்டம். அதற்காக, அங்கே வேலை பார்த்த இவன் ஒரு கருவி செய்தான். ஏஜென்ட் ஒரு கோப்பைத் தொட்டுவிட்டு நகர்ந்ததும் கருவி ஓடிவந்து இடைவெளிகளையும் அடைப்புக்குறிகளையும் ஒரே சீராக்கிவிடும்.

"தலை வாரி விடுது மாப்ள," என்றான் பக்கத்து நாற்காலித் தாடி. அன்றிலிருந்து கருவி சீப்பு, இவன் சீப்புக்காரன்.

தாடி இவனுக்குக் கல்லூரிக் காலத்து நண்பன். மருந்து ஏற்றிச் செல்லும் குளிர்வண்டிகளின் வெப்பத்தைக் கண்காணிக்கும் மென்பொருள் அவர்களுடையது. அதில் முக்கால்வாசி தாடி எழுதியது. அவன் முகத்தைப் போலவே அவன் கோடும் கன்னாபின்னாவென்று இருக்கும். ஆனால் காரணமில்லாத வரி ஒன்றுகூட இருக்காது.

"ஏஜென்ட் தொடுறத மட்டும் வாரு மாப்ள. பழசுல கை வைக்காத."

"ஏன், சிக்கு எடுத்தா வலிக்குமா?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் இவனுக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் யாருமில்லாத நேரம், மொத்தக் கோட்டின் மீதும் சீப்பை ஓடவிட்டான்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று, கோடு முழுவதையும் வைத்திருக்கும் சேமிப்பகம் காட்டும். சீப்பு ஓடியது இவன் பெயரில். ஆக, தாடியின் வரிகள் அத்தனையும் இவன் எழுதியதாகிவிட்டன. இதற்கு மருந்து உண்டு: 'இந்த வாரலைக் கணக்கில் எடுக்காதே' என்று சேமிப்பகத்தின் அமைப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் பழைய பெயர்கள் திரும்பிவிடும். இவனுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனான். திங்கட்கிழமை வேறு தலைவலி வந்தது. சோம்பேறிக்கு எல்லா நாளும் நாளைதான்.

அடுத்த மாதம் ஆட்குறைப்பு வந்தது. யார் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று மேலாளர் ஒரு ஏஜென்ட்டையே எண்ணச் சொல்லியிருந்தார். இவனைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"கிட்டத்தட்ட எல்லாமே உங்க வேலையா இருக்கு. நான் இவ்வளவு எதிர்பார்க்கல. உங்க நண்பர் பேர்ல ஒண்ணுமே காணோமே, என்னதான் செஞ்சிட்டிருந்தார்?"

ஒரு வார்த்தை போதும். 'சார், அது சீப்பு செஞ்ச வேலை.' அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தை வாய் வரை வந்தபோது, அதைச் சொன்னால் தன் பெயரில் என்ன மிஞ்சும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. மிஞ்சுவது சொற்பம்.

"அவன் ரொம்ப நல்லவன் சார்," என்றான்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவனோ நெய்யையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரனுக்கு நற்சான்றிதழும் கொடுத்துவிட்டு வந்தான். வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை, வேலை போன தாடி தன் காபிக் கோப்பையையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். லிஃப்ட் வரை இவனும் கூடப் போனான். கதவு மூடும் நேரத்தில் தாடிதான் சொன்னான்:

"அந்த ஒரு வரியப் போட்டுடு மாப்ள."

அவனுக்குத் தெரிந்திருந்தது. கத்தியிருக்கலாம், மேலாளரிடம் போயிருக்கலாம். இவனே போய்ச் சொல்வான் என்று கடைசி வரை காத்திருந்திருக்கிறான் படுபாவி. அதை நினைத்தால்தான் இவனுக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.

அப்போதாவது போட்டானா? போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. போடவில்லை.

பிறகு ஒரு நாள் ஏஜென்ட் கேட்டது: "வண்டிக் கதவை மூடிய பிறகு எச்சரிக்கை ஒலிக்க ஏழு நிமிடம் காத்திருக்கும்படி எழுதியிருக்கிறீர்கள். காரணம் என்ன? தேவையில்லை என்றால் நீக்கிவிடுகிறேன்."

எழுதியிருக்கிறீர்களாம். காரணம் இருக்கும், தாடி காரணமில்லாமல் எழுதமாட்டான். அது என்னவென்று இவனுக்குத் தெரியாது. நீக்கினால் எந்த வண்டியில் எந்த மருந்து கெடுமோ, அதுவும் தெரியாது.

அன்றுதான் அந்த ஒரு வரியைப் போட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். திரையில் இவன் பெயர் மளமளவென்று உதிர்ந்து, மேலிருந்து கீழ்வரை நண்பனின் பெயர் வந்து நின்றது.

ஏஜென்ட் மறுபடி பார்த்துவிட்டு எழுதியது: "மன்னிக்கவும், இவற்றை எழுதியவர் வேறொருவர். அவர் இப்போது பணியில் இல்லை. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

தெரியும் என்று அடித்தான். அனுப்பக் கை வரவில்லை.